குழாய்க்குள்ளால் தெரிந்த புள்ளி

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

கிற்றார்த் தலையில் கம்பி இறுக்கும் முறுக்காணிகளுக்குத் துளை போடுகிற ஜிக்கை எப்படிச் செய்வது என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தேய்ந்து போகாத முதிரை மரத்துண்டு ஒன்று, அதற்குள் நேராக இறக்கிய மூன்று பித்தளைக் குழாய்கள், கிற்றார்த் தலையின் ஓரத்தில் முட்டி நிற்க ஒரு சட்டம். குழாய்க்குள் டிறில் அலகை விட்டால் அது இப்படியும் அப்படியும் அலையாது, வேண்டிய இடத்தில் செங்குத்தாக இறங்கும். ஒரு பின்னேரத்தில் செய்து முடிக்கலாம். ஃபோனில் தேடினால் யாராவது ஒருவர் சிரித்துக்கொண்டே செய்தும் காட்டுவார். அதற்கு ஓய்வெடுத்துவிட்ட நான் தேவையில்லை.

நான் எழுத வந்தது வேறு. எங்கள் கிளிநொச்சிப் பட்டறையில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஜிக்கை இறுக்கிய பிறகு டிறிலைக் கீழே வைத்துவிட்டு, டோர்ச் அடித்துக் குழாய்க்குள்ளால் பார்ப்போம். பார்த்த பிறகுதான் துளை. அதைக் கண்டு நீங்கள் சிரிக்கிறீர்களாம். கிணற்றுக்குள் விழுந்த பூனையைத் தேடுகிற மாதிரி இருக்கிறது என்று ஒருவர் சொன்னதாகத் தயாளன் சொன்னார். சொன்னவர் யார் என்றும் எனக்குத் தெரியும். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு சிரியுங்கள்.

நானும் தயாளனும் முதலில் கதவு, யன்னல், அலுமாரி செய்தவர்கள்தான். கரையோரத்து மாதா கோயில் ஒன்றுக்குச் சனம் இருக்கிற நீள வாங்குகள் செய்து கொடுக்கப் போனபோது, பாடகர் குழுவின் உடைந்த கிற்றார் ஒன்றை எங்கள் கையில் திணித்தார்கள். மரம்தானே, பார்க்கலாம் என்று தயாளன் வாங்கிவிட்டார். அவருக்கு எதையும் மறுக்கத் தெரியாது. ஒன்று நன்றாக வந்ததும் அடுத்தடுத்த கோயில்களிலிருந்தும் வரத் தொடங்கின. பிறகு நாங்களே புதிதாகச் செய்யவும் துணிந்தோம்.

துளைதான் எங்களைப் படுத்தியது. மலிவாகக் கிடைக்கிற முறுக்காணிகள் மூன்று மூன்றாக ஒரே தகட்டில் பொருத்தி வரும். கூட்டுக்குடும்பம் மாதிரி. ஒரு துளை அரை நூல் விலகினாலும் மூன்றும் ஒன்றோடொன்று முரண்டு பிடிக்கும். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கைத்தான் நாங்கள் நூல் என்போம், அதில் பாதி என்றால் எவ்வளவு என்று பாருங்கள். கதவுக்குக் கண்மட்டம் போதும். கிற்றாருக்குப் போதாது. பாடகர் குழுத் தலைவர் வந்து கம்பி இளகுகிறது என்று முறையிட்டபோது, ஆடத் தெரியாதவன் மேடை கோணல் என்றானாம் என்று தயாளன் முணுமுணுத்தார். அடுத்த ஞாயிறு பூசைக்கு நேரில் போய்ப் பார்த்தோம். மேடை உண்மையிலேயே கோணல்தான், நாங்கள் போட்ட துளைதான் விலகியிருந்தது.

அதன் பிறகுதான் ஜிக். படகு எஞ்சின் திருத்துகிற நண்பர் ஒருவர் பித்தளைக் குழாய் வெட்டித் தந்தார். முதல் தரம் அதை வைத்துத் துளைத்த தலையில் தகடு தானாகப் போய் உட்கார்ந்தது, திருகாணியை விரலாலேயே சுற்றலாம் போல இருந்தது. தயாளன் ஜிக்கைப் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்துக் கொளுவினார். பொட்டு வைக்காத குறை. அதற்குப் பிறகு எந்தக் கிற்றார் வந்தாலும் எங்களுக்கு முதலில் கை போவது அந்த ஆணிக்குத்தான்.

அப்படியிருந்த நாளில்தான் திரேசம்மா வந்தார். முல்லைத்தீவுக் கரையோரத்தவர், கருவாடு விற்பவர். படுக்கை விரிப்பில் சுற்றிய கிற்றாரைக் கைப்பிள்ளையைப் போல நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பஸ்ஸால் இறங்கி வந்தார்.

"வாங்கம்மா, உட்காருங்க" என்றேன்.

"நீங்கள் மலைநாட்டு ஆக்களோ?" என்று கேட்டார். என் வாய்ப்பேச்சு எப்போதும் காட்டிக்கொடுத்துவிடும்.

"அப்பா தோட்டத்துல இருந்து வந்தவரும்மா. நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் கனகராயன்குளம்."

"அப்ப எங்கட ஆள்தான்" என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தார். கிற்றாரை மேசையில் வைக்கவில்லை, மடியிலேயே வைத்து விரிப்பை அவிழ்த்தார்.

"இது என்ர மகன்ர. மகளுக்குக் கலியாணம் வருகுது. தங்கச்சின்ர கலியாணத்துக்குக் கோயில்ல தான்தான் வாசிப்பன் எண்டு சின்ன வயசிலயிருந்து சொன்னவன். அவன் இல்லாட்டியும் அவன்ர கிற்றாராவது வாசிக்கவேணும்."

மகன் எங்கே என்று நான் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் வெளியூர்க்காரர்களாகத்தான் இருப்பார்கள். சண்டை முடிந்த நாட்களில் காணாமல் போன பிள்ளை அவர். பிறகு திரேசம்மாவே அதைச் சொன்னார். ஆனால் அவர் மகனைப் பற்றிக் கதைத்த விதம், கடைக்குப் போன பிள்ளை இன்னும் திரும்பவில்லையே என்று வாசலைப் பார்த்துக்கொண்டு கதைப்பது போல இருந்தது.

கிற்றாரின் உடல் எங்கோ வாங்கிய பழைய உடல். கழுத்தும் தலையும் மகன் தன் கையால் முதிரையில் செதுக்கியவை. கரண்ட் இல்லாத காலம், கையால் சுற்றுகிற துளைப்பான்தான் இருந்திருக்கும். தகடுகள் எங்கே கிடைக்கும் அப்போது? அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தனித்தனி முறுக்காணிகளைச் சேர்த்துப் பூட்டியிருந்திருக்கிறார். கடற்காற்றில் அவை துருவேறி உதிர்ந்துவிட்டன. திரேசம்மா எங்களிடம் வருவதற்கு முன் வேறொரு ஊரில் ஒருவரிடம் காட்டியிருக்கிறார். அவர் மும்மூன்றாகப் பூட்டிய இரண்டு புதிய தகடுகளைக் கொடுத்துவிட்டு, ஒரு பக்கம் சரி, மறுபக்கத்தில் நடுத்துளை இரண்டு நூல் உள்ளே போய்விட்டது, இதில் தகடு ஏறாது என்று சொல்லியிருக்கிறார்.

"உங்கட மகன் பிழையா ஓட்டை போட்டிட்டார், அடைச்சுப்போட்டு வேற போடவேணும் எண்டு சொன்னார்" என்றார் திரேசம்மா. "அவன் பிழையாச் செய்யமாட்டான் தம்பி. அதுதான் தூக்கிக்கொண்டு வந்திட்டன்."

நான் தகட்டை வைத்துப் பார்த்தேன். அந்த மனிதர் சொன்னது அளவில் சரிதான். இரண்டு துளையும் ஓரத்தோடு ஒரே கோட்டில் நிற்க, நடுவில் உள்ளது மட்டும் வரிசையை விட்டு விலகி உள்ளே நின்றது. தயாளன் அதற்குள் ஜிக்கை ஆணியிலிருந்து கழற்றிவிட்டார்.

"அம்மா, அவர் சொன்னது சரிதான். முதிரையிலயே முளை அடிச்சு அடைச்சால் அடையாளமே தெரியாது. ஜிக் வைச்சுத் துளைச்சால் பின்னேரம் கொண்டுபோகலாம்" என்றார் தயாளன்.

திரேசம்மா அந்த விலகிய துளைக்குள் சின்னவிரலின் நுனியை வைத்தார்.

"அடையாளமே தெரியாதோ?"

"தெரியாதம்மா."

"அப்ப அவன் வந்து கேட்டால் நான் என்ன சொல்லுறது? நான் போட்ட ஓட்டை எங்கையம்மா எண்டு கேப்பானே."

அந்தத் தாயிடம் இரண்டு ஆசைகள் இருந்தன. மகளின் திருமணப் பூசையில் அந்தக் கிற்றார் பாட வேண்டும். மகன் வந்தால் அது தன்னுடையது என்று அடையாளம் காண வேண்டும். ஒன்றைக் கொடுத்தால் மற்றதைப் பறிக்க வேண்டியிருந்தது. கலியாண வேலைகள் தலைக்கு மேல் கிடக்க, அவர் இன்னொரு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கும் நேரம் இல்லை.

கடைசியில் அவரே முடிவெடுத்தார். "சரி, அடையுங்கோ. தங்கச்சிக்குச் சொன்ன வாக்கு முதல் நிறைவேறட்டும். அவன் வந்தால் நான் சமாளிக்கிறன்." கிற்றாரை என் கையில் தந்துவிட்டு வெளியே போய்ப் பூவரசுக்குக் கீழே கிடந்த வாங்கில் இருந்தார். பட்டறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். பார்க்க விரும்பவில்லை.

தயாளன் வேகக்காரர். முளைக்கு முதிரைத் துண்டு தேடப் போய்விட்டார். நான் கிற்றாரின் தலையை மெத்தென்று துணி வைத்து வைஸ் இடுக்கியில் பிடித்தேன். அடைப்பதற்கு முன், புதுத் துளை எங்கே விழும், பழைய துளையை எவ்வளவு தின்னும் என்று பார்ப்பதற்காக ஜிக்கை வைத்து இறுக்கினேன். உண்மையைச் சொன்னால் வேலையைக் கொஞ்சம் தள்ளிப்போடுகிற எண்ணமும் இருந்தது. முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும் ஒரு தாய்க்கு முன்னால் டிறிலை முடுக்க யாருக்குக் கை வரும்? பதறாத காரியம் சிதறாது என்பார்கள். அன்றைக்கு எனக்கு அது ஒரு சாட்டாக உதவியது.

ஃபோன் வெளிச்சத்தை நடுக்குழாய்க்குள் அடித்துக் குனிந்து பார்த்தேன். குழாயின் ஒரு ஓரத்தில் பழைய துளையின் விளிம்பு பிறை மாதிரித் தெரிந்தது. மற்ற இடமெல்லாம் பழைய வார்னிஷ் பூசிய மரம். அந்த மரத்தில், குழாய்க்கு நட்ட நடுவே, ஒரு புள்ளி இருந்தது.

பூச்சி அரித்தது என்று முதலில் நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பப் பார்த்தேன். பூச்சி துளைத்தது அவ்வளவு கூராக இருக்காது. அது குத்தூசியால் குத்திய புள்ளி. டிறில் அலகு ஏறி நிற்பதற்காக நாங்கள் எல்லோரும் குத்துவோமே, அதே புள்ளி. எங்கள் ஜிக் எந்த இடத்தைச் சரி என்று சொன்னதோ, அந்த இடத்தில் திரேசம்மாவின் மகன் எப்போதோ குத்தி வைத்திருந்தார்.

தயாளனைக் கூப்பிட்டேன். ஜிக்கைக் கழற்றி, ஈரத்துணியால் அந்த இடத்தைத் துடைத்தோம். ஈரம் பட்டதும் வார்னிஷுக்குக் கீழே கறுப்பாக ஒரு வளையம் எழும்பி வந்தது. கணு. கிளை இருந்த இடம். முதிரையே இரும்பு, முதிரையின் கணுவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. புள்ளி அந்தக் கணுவின் விளிம்பில் இருந்தது. அதிலிருந்து சின்னதாக ஒரு கீறல் ஓரத்தை நோக்கிப் போயிற்று. அலகு ஏறாமல் வழுக்கிய கீறல்.

நடந்தது முழுவதும் அந்தக் கட்டைவிரலளவு இடத்தில் எழுதியிருந்த மாதிரித் தெரிந்தது. அவர் சரியாக அளந்திருக்கிறார். சரியான இடத்தில் குத்தியிருக்கிறார். துளைப்பானைச் சுற்றியபோது அலகு கணுவில் வழுக்கியிருக்கிறது. பலவந்தப்படுத்தியிருந்தால் கணுவின் ஓரத்தால் தலை பிளந்திருக்கும், அத்தனை நாள் செதுக்கியதும் விறகாகியிருக்கும். அங்கே அவர் நிறுத்தியிருக்கிறார். தன்னிடம் இருந்தவை தனித்தனி முறுக்காணிகள், வரிசை தவறினாலும் அவற்றுக்குக் குறையில்லை என்று கணக்குப் பார்த்து, நல்ல மரம் இருக்கும் இடத்துக்கு இரண்டு நூல் தள்ளிப் போட்டிருக்கிறார்.

தயாளன் கையிலிருந்த முதிரைத் துண்டைப் பார்த்தார், தலையைப் பார்த்தார். "மச்சான், இவன் எங்களுக்கும் மேலால போயிட்டான்" என்றார்.

நான் வெளியே போய்த் திரேசம்மாவைக் கூட்டிவந்தேன். ஜிக்கைத் திரும்ப வைத்து, வெளிச்சம் பிடித்து, குனிந்து பார்க்கச் சொன்னேன்.

"ஒரு புள்ளி தெரியுதாம்மா?"

"ஓம், தெரியுது."

"உங்க மகன் குத்தினது. எங்க அளவும் அவரு அளவும் ஒண்ணு. அந்த இடத்துல கணு இருக்கு, துளைச்சா பிளந்திடும். அதப் பார்த்துத்தான் தள்ளிப் போட்டிருக்காரு. பிழை இல்லம்மா. தெரிஞ்சு செஞ்சது."

அவர் நிமிரவில்லை. ஜிக்கை எடுத்த பிறகும் அப்படியே குனிந்திருந்து, விரலால் அந்தப் புள்ளியைத் தேடித் தொட்டார். அழவில்லை.

"குசினிக் கதவைக் கழட்டி வைச்சு, அதுக்கு மேலதான் இருந்து துளைச்சவன்" என்றார். "கதவிலயும் ஓட்டை விழுந்திட்டுது. நான் நல்லா ஏசினனான். அந்த நேரம் பாத்துத்தான் இதெல்லாம் யோசிச்சிருக்கிறான் என்ன? எனக்கு ஒண்டும் சொல்லேல்லை. சிரிச்சுக்கொண்டு இருந்தவன்." பிறகு மெதுவாகச் சொன்னார். "அந்தக் கதவும் இப்ப இல்லை."

நாங்கள் துளையை அடைக்கவில்லை. தகட்டை அறுத்தோம். மூன்று முறுக்காணிகளையும் இரும்பு வாளால் தனித்தனியாகப் பிரித்து, ஓரங்களை அராவி, அவர் போட்ட துளைகளிலேயே ஒவ்வொன்றாகப் பூட்டினோம். புதுத்தகட்டை அறுப்பதற்குத் தயாளன் ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லவில்லை, அவரே வாளை எடுத்தார். கம்பி ஏற்றி இறுக்கியபோது தலை தாங்குமா என்று எனக்குப் பயம்தான். ஒரு நாள் முழுவதும் இறுக்கியபடியே வைத்திருந்தோம். திரேசம்மா கண்டாவளையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் வந்தபோது, சுருதி வைத்த இடத்தில் நின்றது.

கலியாணத்துக்கு எங்கள் இருவரையும் வரச் சொன்னார், போனோம். பாடகர் குழுவில் ஒருவர் அந்தக் கிற்றாரை வாசித்தார். தயாளனுக்குக் கண் முழுவதும் முறுக்காணிகளில்தான். நான் திரேசம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பீடத்துக்கு முன்னால் மகளும் மருமகனும் முழங்காலில் இருக்கிறார்கள், சுவாமி ஆசீர்வதிக்கிறார், கிற்றார் பாடுகிறது. அந்த அம்மா கோயில் வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கிற்றாரின் சத்தத்தைக் கேட்டு யாராவது உள்ளே வருவார்கள் என்பது போல இருந்தது அந்தப் பார்வை. கொஞ்ச நேரத்தில் நானும் வாசலைப் பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

இதில் உங்களுக்கு நான் சொல்ல வேண்டிய பாடத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜிக் இடத்தைச் சொல்லும், அந்த இடத்தில் என்ன மரம் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. இன்னொருவர் செய்த வேலை வரிசை தவறி இருந்தால், பிழை என்று சொல்ல வாய் திறப்பதற்கு முன் அவர் எதைக் கண்டு ஒதுங்கினார் என்று தேடுங்கள். தேடியும் ஒன்றும் கிடைக்காவிட்டால் பிறகு பிழை என்று சொல்லலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. அதற்காகத்தான் அந்த டோர்ச். ஈரத்துணியையும் மறக்க வேண்டாம்.

தொழிலில் எனக்குச் சொல்லித் தந்தவர்கள் பலர். திட்டிச் சொல்லித் தந்தவர்களும் உண்டு. ஆனால் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாடத்தைத் தந்தவரை நான் ஒரு நாளும் கண்டதில்லை. வயதில் என் மகனாக இருக்கக்கூடியவர். அவரைக் காண எனக்கு ஆசையாக இருக்கிறது. ஓய்வெடுத்த பிறகு அந்த ஆசை கூடியிருக்கிறது, குறையவில்லை. அலகு வழுக்கியபோது என்ன நினைத்தீர், எவ்வளவு நேரம் துளைப்பானைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தீர், அம்மா ஏசியபோது ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றெல்லாம் கேட்க வேண்டும். வாயில் சொற்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு கேட்க ஆளில்லாமல் இருக்கிறேன். இது எனக்கே இப்படி என்றால் அந்தத் தாய்க்கு எப்படியிருக்கும் என்று நினைக்க எனக்குத் துணிவில்லை.

திரேசம்மா இப்போதும் ஒவ்வொரு திருநாளுக்கு முன்னும் கம்பி மாற்றக் கிற்றாரைக் கொண்டுவருவார். இனி உங்களிடம்தான் வருவார். முதலில் தேத்தண்ணி கொடுங்கள், வேலையைப் பிறகு பாருங்கள். போகும்போது, "அவன் வந்தால் முதல் உங்களிட்டத்தான் கூட்டிக்கொண்டு வருவன்" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். நாங்கள் "கூட்டிட்டு வாங்கம்மா" என்று சொல்லுவோம். நீங்களும் அப்படியே சொல்லுங்கள். வேறு பதில் எதுவும் வேண்டாம்.

ஒரு நாள் அவர் தனியாக வராமலும் இருக்கலாம். அல்லது வேறொருவர் அந்தக் கிற்றாரோடு வந்து, என்ர கிற்றாரில அறுத்த தகட்டைப் பூட்டினது யார் என்று கேட்கலாம். கோபமாகக் கேட்டாலும் கேட்கட்டும், குறுக்கே பேசாதீர்கள். கதிரை போட்டு இருத்துங்கள். எனக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லுங்கள். நான் கனகராயன்குளத்தில்தான் இருக்கிறேன், வீதிக்கு வந்தால் கிளிநொச்சிக்கு எந்த பஸ்ஸும் ஏற்றும். வந்துவிடுவேன்.

நான் வந்து சேரும்வரை அவரைப் போகவிடாதீர்கள்.